ஓபர்லின் ஐயரும் பனிக்காலப் பள்ளியும்

உலகிற் பெரும் பள்ளிகளை நிறுவினோர் பலர். அவற்றுட் பல அரசரது ஆதரவாலும் செல்வரது கொடையாலும் எழுந்தன. உணவும் விறகும் போதாத ஒரு மலைநாட்டிலே, பனி பெய்து வழிகளெல்லாம் மூடிக்கிடக்கும் மாதங்களையே கல்விக்குரிய நற்காலமாக்கி, ஏழைக் குடும்பங்களையே பள்ளிக்குத் தூண்களாக நிறுத்தினவர் மிகச் சிலரே. அச்சிலருள் முதல்வராக யாம் கருதும் ஜான் பிரெடரிக் ஓபர்லின் ஐயரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

இவர் 1740 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31 ஆம் நாள் அல்சாஸ் நாட்டு ஸ்திராஸ்பூர்க் நகரிற் பிறந்தார். தந்தையார் அந்நகரத்து உயர்தரப் பாடசாலையில் ஆசிரியர். தமையனார் பழம்பொருளாராய்ச்சியிற் புகழெய்திய புலவர். ஓபர்லின் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் வேத சாஸ்திரம் பயின்றார். பின்னர் ஓர் இரண வைத்தியரின் இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியராயிருந்து, ஆங்கே மருத்துவத்திலும் சிறிது பழக்கம் பெற்றார். படையொன்றிற்குக் குருவாகச் செல்ல அவர் எண்ணியிருந்த வேளையில், ஸ்டூபர் என்னும் போதகர் அவரைத் தேடிவந்து, தாம் விட்டு நீங்கும் மலைச்சபையை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டினார். ஓபர்லின் இசைந்தார். 1767 ஆம் ஆண்டில், தம் இருபத்தாறாம் வயதில், வால்டர்ஸ்பாக் என்னும் சிற்றூருக்குக் குருவாக வந்து சேர்ந்தார். அதன்பின் ஐம்பத்தொன்பது ஆண்டுகள் அவ்விடம் விட்டு அகன்றாரல்லர்.

அவ்வூர் வோஜ் மலைகளுக்கிடையே பான் தெ லா ரோஷ் என்னும் பள்ளத்தாக்கில் உள்ளது. ஜெர்மன் மொழியில் அதனைக் கற்பள்ளத்தாக்கு என்னும் பொருள்படும் பெயரால் வழங்குவர். பெயருக்கேற்ப நிலம் கல்லும் மேடுமாய் விளைவு குன்றியது. வால்டர்ஸ்பாக், பெல்மோன், பெல்போஸ், பூதே, சோல்பாக் ஆகிய ஐந்து ஊர்கள் அச்சபையைச் சேர்ந்தவை. நல்ல பாதை கிடையாமையால் வெளியுலகத்தோடு அவற்றிற்குத் தொடர்பு அரிதாயிருந்தது. குளிர்காலமோ நெடியது, பனி படிந்தபின் ஓரூரார் மற்றோரூரைக் காண்பதும் எளிதன்று.

கல்வியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஸ்டூபர் முதன்முதல் ஆங்கு வந்து பள்ளியைக் காண விரும்பியபோது, ஒரு குடிசையிற் பிள்ளைகள் வேலையின்றிக் கூச்சலிட்டுக்கொண்டிருக்க, முதியவர் ஒருவர் படுக்கையிற் கிடந்தார். அவரே ஆசிரியர், தாமும் ஒன்றும் கற்றறியாதவர். அவர் முன்னே ஊர்ப் பன்றிகளை மேய்த்தவர் என்றும், முதுமையால் அது இயலாதபோது பிள்ளைகளைக் காக்க அமர்த்தப்பட்டார் என்றும் கூறுவர். இந்நிலையை மாற்றும் முயற்சியை ஸ்டூபர் தொடங்கினார். ஓபர்லின் அதனை நிறைவேற்றினார்.

பள்ளிக்கூடம் கட்டவேண்டுமென்று ஓபர்லின் கூறியபோது ஊரார் மகிழ்ந்தாரல்லர். கட்டடத்தைப் பழுதுபார்க்கும் செலவு தங்கள் தலையில் விழுமென அஞ்சினர். அவர் அப்பொறுப்பைத் தாமே ஏற்று, நகரத்து நண்பர்களிடம் பொருள் வேண்டிப் பெற்றார். தாம் வாழ்ந்த குருமனை பழுதுற்றிருந்தும், பிள்ளைகளின் பள்ளியே முந்தியதெனக் கொண்டு, தம் வீட்டைப் புதுப்பிப்பதைத் தள்ளிவைத்தார். பாதையின்றி ஊர் உய்யாதென்று கண்டு, ஒருநாள் தாமே குந்தாலியைத் தோளில் ஏந்திப் பாறை உடைக்கச் சென்றார். முன்னர் மறுத்த குடியானவரும் பின்தொடர்ந்தனர். இவ்வாறு பாதை அமைந்தது. ரோத்தோ என்னுமிடத்தில் புருஷ் ஆற்றின்மேற் பாலமும் அமைந்தது. தருமப் பாலம் என்பதே அதற்கு வழங்கிய பெயர்.

ஆயினும் ஓர் இடர் எஞ்சி நின்றது. மூத்த பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். தாய் தந்தையர் வயிற்றுப்பாட்டிற்காக உழைத்தனர். நான்கும் ஐந்தும் வயதான சிறுவரைக் காப்பார் யார்? கோடையில் அவர்கள் தெருவிலே திரிந்தனர். குளிர்காலத்தில் இருளடைந்த குடிசையுள் முடங்கிக் கிடந்தனர். இதற்கு விடை கண்டவர் ஓபர்லின் அல்லர் என்பதே இச்சரிதத்தின் சிறப்பு. பெல்மோன் ஊரைச் சேர்ந்த சாரா பான்சே என்னும் ஏழைக் குடியானவப் பெண், ஒருவர் ஏவலுமின்றி, தன்னூர்ச் சிறுவரைத் தன்னருகே கூட்டிப் பின்னல் வேலை கற்பித்து வந்தாள். ஓபர்லின் அதனைக் கேள்வியுற்றார். அஃது இன்னும் எத்துணை விரியக்கூடுமென்று உணர்ந்து, அப்பெண்ணையே முதல் வழிகாட்டியாக அமர்த்தினார். இது நிகழ்ந்தது 1769 ஆம் ஆண்டளவில். சாரா 1774 இல், முப்பது வயது நிரம்புமுன்னரே, இறந்தாள். அவள் தொடங்கிய வேலையோ இறக்கவில்லை.

அப்பள்ளிகளை அந்நாட்டார் பின்னற் கணப்பறைகள் என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். கணப்படுப்பால் வெப்பமூட்டப்பட்ட அறை ஒன்றே அதற்கு வேண்டுவது. வெளியே பனி பெய்ய, உள்ளே சிறார் அடுப்பைச் சூழ்ந்து வட்டமாக அமர்வர். ஆணும் பெண்ணும் வேற்றுமையின்றிப் பின்னல் ஊசி ஏந்தி மேஜோடு முதலியன பின்னக் கற்பர். பள்ளிக்கு இருவர் வீதம் வழிகாட்டிப் பெண்கள் இருந்தனர். ஒருத்தி கைவேலையைக் கவனிப்பாள். மற்றொருத்தி கதை சொல்லியும் விளையாட்டுக் காட்டியும் அறிவூட்டுவாள். கை ஓயாது பின்னும், செவி வேதாகமக் கதையைக் கேட்கும், வாய் பாட்டிசைக்கும். சிறு பிள்ளைகள் களைத்தால் அவர்களை விளையாட விடுவர்.

வண்ணப் படங்களைக் காட்டி விலங்குகளையும் செடிகளையும் அறிவித்தனர். வேனிலில் மலைச்சரிவுகளிற் சென்று அச்செடிகளையே தேடிப் பறித்துப் பெயர் கூறச் செய்தனர். தேசப்படமும் கற்பித்தனர், ஆயின் முதலில் தம் ஊர், பின்னர்ப் பள்ளத்தாக்கு, அதன்பின் பிரான்சு தேசம், இறுதியில் உலகம் என்பதே முறை. வீட்டில் வழங்கிய வட்டாரப் பேச்சுக்குப் பதிலாகப் பிரெஞ்சு மொழியைப் பழக்கினர். இதனால் அம்மக்களுக்கு வெளியுலக வாயில் திறந்தது உண்மையே. எனினும் தாயின் பேச்சை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது தக்கதோ என்னும் ஐயம் இன்று நோக்கும் எமக்கு எழாமலில்லை.

இவற்றிற்கெல்லாம் உற்ற துணையாயிருந்தவர் ஓபர்லினின் மனைவியார் மதலேன் சலோமே அம்மாள். 1768 இல் அவரை மணந்த அவ்வம்மையார், வழிகாட்டிப் பெண்களைப் பயிற்றும் பணியிற் பங்குகொண்டார். 1783 இல், ஏழு பிள்ளைகளை விட்டு, அவர் காலஞ்சென்றார். அப்பொழுது அவ்வீட்டைத் தாங்கினவள் லூயிஸ் ஷெப்ளர். பெல்போஸ் ஊரிற் பிறந்து, பதினாறு வயதளவிற் பணிப்பெண்ணாக வந்தவள். தாயிழந்த பிள்ளைகளை வளர்த்ததோடு, சிறுவர் பள்ளிகளையும் தன் பொறுப்பிற் கொண்டாள். குளிர்காலத்திலும் பனியையும் காற்றையும் பொருட்படுத்தாது ஊர் ஊராக நடந்து சென்று கற்பித்தாள். பிற்காலத்திற் கூலி பெறவும் மறுத்து, தன்னை மகளாகக் கருதினாற் போதுமென்று வேண்டிக்கொண்டாள். அவளைச் சகோதரியாகக் கொள்ளுமாறு ஓபர்லின் தம் பிள்ளைகளுக்குச் சாசனம் எழுதிவைத்தார். அவளோ சொத்தில் ஒரு பங்கும் ஏற்றிலள். பிரெஞ்சுக் கலைக்கழகத்தார் 1829 இல் அவளுக்கு நற்குணப் பரிசு வழங்கிச் சிறப்பித்தனர். அவள் 1837 இற் காலமானாள்.

குடும்பங்கள் பள்ளியைத் தாங்கினவாறே பள்ளியும் குருமனையும் குடும்பங்களைத் தாங்கின. ஓபர்லின் நல்ல உருளைக்கிழங்கு விதை வருவித்துப் பயிரிடச் செய்தார், பழமரங்கள் நடுவித்தார், ஏழைகளுக்குக் கடன் உதவும் நிதியொன்றை ஏற்படுத்தினார். பனியால் வயல் வேலை நின்ற காலத்தில் வீடுதோறும் பஞ்சு நூற்கும் தொழிலைப் பரப்பினார். இயந்திரங்கள் வந்து கைந்நூற்பு நலிந்தபோது, லெகிராண்டு குடும்பத்தார் 1813 ஆம் ஆண்டளவில் அப்பள்ளத்தாக்கில் நாடா நெய்யும் தொழிலைக் கொணர்ந்தனர். அது வீடுகளிலிருந்தே செய்யத்தக்கதாயிருந்தமையாற் பெற்றோரும் பிள்ளைகளும் பிரிய நேரவில்லை. அக்குடும்பத்துத் தானியேல் லெகிராண்டு, ஆலைகளிற் சிறுவரை வருத்துதலைத் தடுக்கும் சட்டம் வேண்டி ஐரோப்பிய அரசாங்கங்களுக்குப் பலகாலும் விண்ணப்பித்தார். சிறுவரின் கைக்குக் கல்வியாக வேலை தருவது வேறு, ஊதியத்திற்காக அவர்தம் உடலை வதைப்பது வேறு என்பதை அக்கணப்பறைகளின் அயலில் வாழ்ந்தவரே உலகிற்கு எடுத்துரைத்தது கருதத்தக்கது.

பிரெஞ்சுப் புரட்சியின் கொடுங்காலத்தில், 1794 இல், ஓபர்லின் சிறைப்பட்டுச் சின்னாளில் விடுதலை பெற்றார். 1819 இல் அரசர் அவருக்குக் கௌரவப் படைப் பதக்கம் அளித்தார். 1826 ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். அவரது உடல் பூதே ஊர்க் கல்லறையில் அடக்கம்பண்ணப்பட்டது. 1833 இல் அமெரிக்காவின் ஒகாயோ நாட்டில் எழுந்த கல்லூரிக்கு அவர் பெயரையே சூட்டினர். அவ்வோபர்லின் கல்லூரிப் பட்டதாரிகள் பிற்காலத்தில் நம் மதுரை மாநகர்க்கும் வந்து கல்விப்பணி புரிந்தனராதலின், அவர் பெயர் தமிழ்நாட்டிற்கும் முற்றும் அயலானதன்று.

ராபர்ட் ஓவன் நியூ லானார்க்கிற் சிறுவர் பள்ளி திறந்தது 1816 இல். பிரோபெல் தம் சிறுவர் பள்ளியைத் தொடங்கியது 1837 இல். அவற்றிற்குப் பல்லாண்டு முன்னரே ஒரு மலைச்சிற்றூரின் கணப்படுப்பருகே அவ்வித்து முளைத்துவிட்டது. அதனை ஊன்றியவள் குடியானவப் பெண், காத்தவள் பணிப்பெண். ஓபர்லினின் பெருமை அவ்விருவரையும் கண்டுகொண்டதில் இருக்கிறது.

நம் கல்லூரியிற் பயின்று சிற்றூர்ப் பள்ளிகளுக்கு ஆசிரியராகச் செல்வோர் பலர். கட்டடம் இல்லை, பொருள் இல்லை, பெற்றோர் பிள்ளைகளை அனுப்புவதில்லை என்று அவர்கள் மனஞ்சோர்தலும் இயல்பே. அன்னார் அவ்வூருட் சென்று, ஏவுவாரின்றியே பிள்ளைகளைத் தன்னருகே கூட்டிவைத்திருக்கும் ஒரு சாராவை முதலில் தேடுவாராக.