வீரமாமுனிவர்

இத்தாலி நாட்டில் 1680ஆம் ஆண்டு பிறந்த பெஸ்கி என்பார், சமயப்பணி கருதித் தமிழகம் போந்து, தமிழ் கற்று, வீரமாமுனிவர் எனப் புகழ்பெற்றார். அக்காலத்தே சொற்பொருள் உணர்த்திய நிகண்டுகள் பெரும்பாலும் செய்யுள் வடிவின. அவற்றை மனப்பாடம் செய்தார்க்கன்றிப் பிறர்க்கு வேண்டிய சொல் எளிதிற் கிட்டாது. இக்குறை நீங்க, முனிவர் 1732இல் சதுரகராதியை இயற்றினார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்துச் சொற்களை அகரவரிசைப்பட அமைத்தார். தேடுதல் எளிதாயிற்று.

வரிசையின் பயன் பெரிது. வரிசைப்பட்ட 10 இலட்சம் சொற்களையும் பாதிபாதியாகப் பகுத்து நோக்கி, ஏறத்தாழ 20 ஒப்பீடுகளில் வேண்டிய சொல்லைக் கணினி கண்டுவிடுகின்றது.

முனிவர் 1747இல் மறைந்தார். ஆயினும், கள்ளக்குறிச்சியை அடுத்த கல்வராயன் மலையூர்களில் பயிலும் மாணவரும் பிறர் துணையின்றி அகராதி விரித்துப் பொருள் காண, அவர் வளர்த்த நெறி இன்றும் உதவுகின்றது.