வாசகரைத் தோழராக்கிய இதழாசிரியர்

ஐரோப்பாக் கண்டத்தில் பிரான்சு, ஜெர்மனி, பெல்ஜியம் என்னும் மூன்று நாடுகளுக்கு இடையே லக்சம்பர்க் என்றொரு சிறு நாடு உண்டு. நம் நாட்டு மாவட்டம் ஒன்றின் அளவினதே அது. அதன் தலைநகரில் 1884-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16-ஆம் நாள், திராட்சை மது வணிகர் ஒருவரின் மைந்தராக ஹியூகோ கெர்ன்ஸ்பாக் பிறந்தார். இளமையிலேயே இரண்டு பொருள்கள் அவருடைய உள்ளத்தைக் கவர்ந்தன. ஒன்று மின்சாரம், மற்றொன்று செவ்வாய்க் கோள். மின்மணிகளைத் தாமே அமைத்து அவர் மகிழ்ந்தார். அமெரிக்க வானநூலறிஞர் பெர்சிவல் லோவெல் செவ்வாயைப்பற்றி எழுதிய நூலின் மொழிபெயர்ப்பு அவர் கையிற் கிடைத்தது. செவ்வாயில் அறிவுடை உயிர்கள் வாழ்கின்றன என்றும், அவை வெட்டிய கால்வாய்கள் தொலைநோக்கியில் தென்படுகின்றன என்றும் அந்நூல் கூறிற்று. அதனைப் படித்த சிறுவர் காய்ச்சலுற்றுப் படுக்கையில் வீழ்ந்து, செவ்வாய் மக்களைப்பற்றியே பிதற்றிக்கொண்டிருந்தார் என்பர். லோவெல் கண்டவை கால்வாய்கள் அல்ல என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும், அந்நூல் எழுப்பிய வேட்கை கெர்ன்ஸ்பாக்கை வாழ்நாள் முழுவதும் விட்டகலவில்லை.

1904-ஆம் ஆண்டில், இருபது வயது நிரம்புமுன்னரே, தாம் வகுத்த புதுவகை மின்கலம் ஒன்றுடன் அவர் கப்பலேறி அமெரிக்கா சென்றார். மின்கலத்தாற் பெருஞ்செல்வம் ஈட்டலாம் என்பது அவர் எண்ணம்; அது கைகூடவில்லை. பின்னர், மின்கருவிகளை ஐரோப்பாவிலிருந்து வரவழைத்து விற்கும் வாணிகம் ஒன்றை நியூயார்க்கில் தொடங்கினார். கம்பியில்லாத் தந்திக் கருவியை எளியோரும் வாங்கத்தக்க விலையில் அவர் விற்கலானார். அதனை வாங்கியவர்களிற் பலர் சிறுவர். அவர்களுக்குக் கருவியின் இயல்பைக் கற்பிக்க வேண்டியிருந்தது. அதற்கென 1908-இல் ‘மாடர்ன் எலெக்ட்ரிக்ஸ்’ என்னும் திங்களிதழைத் தோற்றுவித்தார். அவ்விதழில் 1911-இல் அவரே தொடர்கதை ஒன்றை எழுதினார். 2660-ஆம் ஆண்டில் நிகழ்வதாகப் புனையப்பட்ட அக்கதையில், வானிற் செல்லும் பொருளின்மீது அலைகளை ஏவி, அவை திரும்பி வருவதைக் கொண்டு அதன் தொலைவை அளக்கும் முறை கூறப்பட்டுள்ளது. பிற்காலத்தில் ராடார் எனப் பெயர்பெற்ற கருவி இம்முறையிலேயே இயங்குகின்றது. கதை என்னும் அளவில் அதனைச் சிறந்ததென்று சொல்வதற்கில்லை. அதில் வரும் மாந்தரைவிட எந்திரங்களே நம் நினைவில் நிற்கின்றன.

இவ்வாறு பதினெட்டு ஆண்டுகள் பல இதழ்களை நடத்திப் பழகிய பின்னர், 1926-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், முற்றிலும் விஞ்ஞானக் கதைகளுக்கே உரியதாக ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ என்னும் இதழை அவர் வெளியிட்டார். வியப்பூட்டும் கதைகள் என்பது அப்பெயரின் பொருள். விலை கால் டாலர். எழுபதைக் கடந்த ஸ்லோன் என்னும் முதியவர் ஆசிரியப் பணியில் துணை நின்றார். பிராங்க் பால் என்னும் ஓவியர் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் அட்டைப் படம் வரைந்தார். ஜூல்ஸ் வெர்ன், வெல்ஸ், எட்கர் ஆலன் போ ஆகியோரின் பழைய கதைகளே முதலிதழ்களை நிரப்பின. அக்கதைகள் நூலகங்களில் சிதறிக் கிடந்தவையே. எனினும், அவை ஒரே வகையைச் சேர்ந்தவை என்றும், அவ்வகைக்கென ஒரு கூட்டம் வாசகர் உளர் என்றும் உலகுக்கு முதலில் உணர்த்தியவர் கெர்ன்ஸ்பாக்கே ஆவர்.

அவ்வாசகருள் பெரும்பாலோர் இளைஞர். தத்தம் ஊரில் ஒவ்வொருவரும் தனியராகவே இருந்தனர். திங்களுக்குச் செல்லும் ஊர்திகளைப்பற்றியும் காலத்தைக் கடக்கும் எந்திரங்களைப்பற்றியும் ஓர் இளைஞன் பேசினால் வீட்டார் நகைத்தனர். பள்ளித் தோழரும் விலகிச் சென்றனர். படித்ததைப்பற்றி மனங்கலந்து பேச ஒருவரும் இல்லாத தனிமை எத்துணைக் கொடியது என்பதைப் படிப்பில் ஆர்வமுடையார் அறிவர்.

1927-ஆம் ஆண்டு சனவரி இதழிலிருந்து, வாசகர் மடல்களுக்கென ஒரு பகுதியைக் கெர்ன்ஸ்பாக் ஒதுக்கினார். எந்தக் கதை நன்று, எது பிழையுடையது, எந்தப் பழைய கதையை மீண்டும் அச்சிட வேண்டும் என்றெல்லாம் வாசகர்கள் எழுதினர். கதையில் வரும் விஞ்ஞானத்திற் குற்றங்கண்டு கணக்கிட்டுக் காட்டியவர்களும் உண்டு. மடல் எழுதியவரின் பெயரோடு அவருடைய முழு முகவரியும் அச்சிடப்பட்டது. சிறு செயலாகவே இது தோன்றும். கெர்ன்ஸ்பாக் இதனால் விளையப்போவதை முழுதும் உணர்ந்திருந்தார் என்று கருதுவதற்கும் இடமில்லை. ஆனால், இதழைப் பிரித்த இளைஞன் தன்னைப்போன்ற மற்றொருவன் அடுத்த நகரத்திலேயே, சிலபோது அடுத்த தெருவிலேயே, வாழ்வதைக் கண்டான். உடனே தாளும் எழுதுகோலும் எடுத்தான்.

அதுமுதல் மடல்கள் ஆசிரியரை நாடி வந்ததோடு நில்லாமல், வாசகரிடமிருந்து வாசகருக்கும் பறந்தன. இத்திங்களில் தாம் படித்தவை யாவை, அடுத்த திங்களிற் படிக்க எண்ணியவை யாவை, நூலகத்திற் கேட்டு வாங்க வேண்டிய நூல்கள் யாவை என அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டனர். தம்மிடம் இரண்டு படிகளுள்ள இதழில் ஒன்றை அனுப்பித் தம்மிடம் இல்லாததைப் பெற்றனர். கையிற் காசின்றி இதழ் வாங்க இயலாதவரும் நண்பரிடம் இரவல் பெற்றுப் படித்தனர்.

மடலில் தொடங்கிய நட்பு கழகங்களாக வளர்ந்தது. 1929-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் நியூயார்க்கு இளைஞர் சிலர் ‘சயன்சியர்ஸ்’ என்னும் கழகத்தை நிறுவினர். வாரன் பிட்ஜெரால்டு என்னும் கறுப்பினத்தவர் அதன் தலைவர். ஹார்லெம் பகுதியிலிருந்த அவருடைய இல்லத்திலேயே வெள்ளை இளைஞர்களும் வந்து கூடினர். நிறவேற்றுமை தலைவிரித்தாடிய அந்நாளில் இதுவும் நிகழ்ந்தது. 1930-ஆம் ஆண்டு மே மாதத்தில் மடல்வழி இணைந்த மற்றொரு குழுவினர் ‘தி காமெட்’ என்னும் சிற்றிதழைத் தாமே படியெடுத்து வெளியிட்டனர். விஞ்ஞானக் கதை வாசகர் நடத்திய சிற்றிதழ்களுள் முதலாவது இதுவே எனக் கொள்வர். கிளீவ்லந்து நகரில் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் பள்ளி மாணவர் இருவர் இத்தகைய சிற்றிதழ் ஒன்றை நடத்தினர். பின்னாளில் ‘சூப்பர்மேன்’ என்னும் படக்கதை வீரனைப் படைத்தவர்கள் இவ்விருவரே.

வாசகர் கூட்டம் வளர்ந்துவந்தபோதே கெர்ன்ஸ்பாக்கின் வாணிகம் சரிந்தது. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவருடைய நிறுவனம் கடன் தீர்க்க இயலாது நொடித்தது. ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ பிறர் கைக்குச் சென்றது. அவர் சோர்ந்தாரில்லை. சில திங்களுக்குள் வேறு நிறுவனம் கண்டு, புதிய இதழ்களைத் தொடங்கினார். அவற்றுள் இரண்டு பின்னர் இணைந்து ‘வொண்டர் ஸ்டோரிஸ்’ ஆயின.

1933-இல் சார்லஸ் ஹார்னிக் என்னும் வாசகர், மாயக்கதைகளில் ஈடுபாடுடையோர்க்கெனத் தாம் தொடங்கிய சிற்றிதழின் படியொன்றைக் கெர்ன்ஸ்பாக்குக்கு அனுப்பினார். கெர்ன்ஸ்பாக் அதனைப் பார்த்து, அவரையே ‘வொண்டர் ஸ்டோரிஸ்’ இதழின் ஆசிரியராக அமர்த்தினார். அப்போது ஹார்னிக்கின் வயது பதினேழு! மறு ஆண்டு, ‘சயன்ஸ் பிக்‌ஷன் லீக்’ என்னும் வாசகர் கழகத்தைக் கெர்ன்ஸ்பாக் அறிவித்தார். எவ்வூரிலும் சில வாசகர் கூடிக் கிளை அமைக்கலாம். அமெரிக்க நகரங்கள் பலவற்றிலும், கடல்கடந்து இங்கிலாந்திலும் கிளைகள் தோன்றின.

கெர்ன்ஸ்பாக்கின் பெருமையைக் கூறுவோர் அவருடைய குறையையும் மறைத்தல் ஆகாது. எழுத்தாளர்க்கு உரிய ஊதியத்தை அவர் காலத்திற் கொடுத்தாரல்லர். கொடுத்ததும் மிகக் குறைவு. லவ்கிராப்ட் என்னும் எழுத்தாளர் 1927-இல் வெளிவந்த தம் சிறந்த கதைக்குப் பன்முறை நினைவூட்டிய பின்னரே இருபத்தைந்து டாலர் பெற்றார். டொனால்டு வோல்ஹைம் என்னும் இளைஞரின் கதை 1934-ஆம் ஆண்டு சனவரி இதழில் வந்தது, பணம் வரவில்லை. அவர் வாளா இருந்தாரல்லர். தம்மைப்போல் ஊதியம் பெறாத பிற எழுத்தாளர்களை மடல்வழித் தேடிக் கண்டு, யாவரும் ஒன்றுகூடி வழக்கறிஞரை அமர்த்திப் பணத்தைப் பெற்றனர். இதனாற் பகை மூண்டு, 1935-இல் வோல்ஹைம் கழகத்தினின்று நீக்கப்பட்டார். வாசகர் ஒருவரையொருவர் அறிய வழிசெய்தவர் கெர்ன்ஸ்பாக். அவ்வழியே வந்த ஒற்றுமை அவருக்கே எதிராகவும் நின்றது. நீக்கப்பட்ட வோல்ஹைம் 1937-இல் மற்றோர் ஏற்பாட்டைத் தொடங்கினார். அதன்படி உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் கருத்துகளைத் தாமே அச்சிட்டு ஒருவரிடம் அனுப்புவர்; அவர் யாவற்றையும் கட்டாக்கி, மூன்று திங்களுக்கு ஒருமுறை உறுப்பினர் அனைவர்க்கும் அஞ்சலில் விடுப்பார். படிப்பும் கருத்தும் கைமாறுதற்கு இதழாசிரியர் எவருடைய துணையும் அதில் வேண்டியிருக்கவில்லை.

நாட்டின் பொருளாதார வீழ்ச்சியால் ‘வொண்டர் ஸ்டோரிஸ்’ இதழின் விற்பனை குன்றிற்று. கடைக்காரரை நம்பாமல் வாசகர்க்கு நேரே அஞ்சலில் அனுப்பலாம் என்று கெர்ன்ஸ்பாக் திட்டமிட்டு, 1936-ஆம் ஆண்டு ஏப்ரல் இதழில் வாசகரின் ஆதரவை வேண்டினார். இரண்டாயிரம் பேர்கூட மறுமொழி எழுதவில்லை. இதழை விற்றுவிட்டு அவர் வானொலி பற்றிய இதழ்களை நடத்தத் திரும்பினார்.

ஆனால், கிளைகள் அடிமரத்தோடு சாயவில்லை. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரக் கிளையினர் 1937-ஆம் ஆண்டு சனவரி 3-ஆம் நாள் விஞ்ஞானக் கதை வாசகர் மாநாடு ஒன்றைக் கூட்டினர். அதற்கு வந்தவர்களுள் ஆர்தர் கிளார்க் என்னும் இளைஞரும் ஒருவர். பதினொரு வயதிற் கண்ட 1928-ஆம் ஆண்டு நவம்பர் மாத ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ இதழின் அட்டையை அவர் என்றும் மறக்கவில்லை. அதில் ஓவியர் பால் வரைந்திருந்த வியாழக் கோளின் கொந்தளிக்கும் முகில்களை, 1979-இல் வாயேஜர் விண்கலங்கள் அனுப்பிய படங்களோடு ஒப்பிட்டு அவர் வியந்ததுண்டு. புகழ்பெற்ற எழுத்தாளராகிய கிளார்க், 1956 முதல் 2008-இல் மறையும்வரை இலங்கையிலேயே வாழ்ந்தார்.

லாஸ் ஏஞ்சல்ஸ் கிளையினர் வியாழக்கிழமைதோறும் ஓர் உணவுச்சாலையிற் கூடினர். கையிற் பணமில்லாதவர் இயன்றதைக் கொடுத்து உண்ணலாம் என்பது அவ்வுணவுச்சாலையின் வழக்கம். 1937-இல் ரே பிராட்பரி என்னும் ஏழை மாணவர் அங்கே வந்து சேர்ந்தார். அவர் கல்லூரியிற் பயின்றாரல்லர். பொது நூலகமே அவருக்குக் கல்லூரியாயிற்று. தெருமுனையிற் செய்தித்தாள் விற்று வாழ்ந்துகொண்டே அவர் கதை எழுதிப் பழகினார். கழகத்தில் அறிமுகமான மூத்த எழுத்தாளர்கள் அவருடைய கதைகளைப் படித்துத் திருத்தம் கூறினர். பின்னாளில் உலகெங்கும் படிக்கப்பட்ட எழுத்தாளராக அவர் உயர்ந்தார். 1934-இல் தொடங்கிய அக்கிளை, பெயர் மாறினும், இன்றளவும் வாரந்தோறும் கூடிவருகின்றது.

1953-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் நிகழ்ந்த உலக விஞ்ஞானக் கதை மாநாட்டில், வாசகர் தாமே வாக்களித்துத் தேர்ந்த சிறந்த படைப்புகளுக்கு முதன்முறையாகப் பரிசு வழங்கப்பட்டது. ஊதியத்துக்காக வழக்காடிய தலைமுறை அப்போதும் மறைந்துவிடவில்லை. இருந்தும், அப்பரிசுக்கு ‘ஹியூகோ’ என்னும் பெயரே நிலைத்தது. அதே ஆண்டில் கெர்ன்ஸ்பாக் மீண்டும் ஒரு விஞ்ஞானக் கதை இதழைத் தொடங்கினார். ஏழு இதழ்களோடு அது நின்றுவிட்டது. 1965-இல் மாரினர் விண்கலம் செவ்வாயைப் படமெடுத்து அனுப்பிற்று. கால்வாய்கள் இல்லை, பள்ளங்களே இருந்தன. அதனையும் காணும் பேறு முதியவராகிய அவருக்கு வாய்த்தது. 1967-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள், தம் எண்பத்து மூன்றாம் வயதில், நியூயார்க்கு நகரில் அவர் உயிர்நீத்தார். அவருடைய விருப்பப்படியே, உடல் மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு ஆராய்ச்சியின்பொருட்டு வழங்கப்பட்டது.