எல்லாக் காதுக்கும் ஒரே ஸ்டேஷன்!



ஹாஸ்டல் டே அன்னிக்கு என்னை ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். எலக்ட்ரானிக்ஸ் பையன்தானே, பாட்டுப் போடுற வேலையும் உனக்குத்தான் என்று தலையில் கட்டிவிட்டார்கள். மெலடி போட்டால் முதலாமாண்டு கத்துது. குத்துப்பாட்டு போட்டால் இறுதியாண்டு முறைக்குது. சரி, எதுக்கு வம்பு என்று ஒன்று அது, ஒன்று இது என மாத்தி மாத்திப் போட்டேன். அரை மணி நேரம்தான்... இரண்டு கூட்டமும் எழுந்து சாப்பிடப் போய்விட்டது! பந்தலில் மிச்சம் இருந்தது நானும் மைக் செட் அண்ணனும் மட்டுமே.

ஆளுக்குப் பாதி என்று சமமாகத்தானே பிரித்தேன், எங்கே தப்பு? இந்தக் கேள்வியோடு தேடினபோது கிடைத்தவர்தான் ஃபிராங்கி கிராக்கர். நியூயார்க்கில் 1970களில் ரேடியோ கேட்டு வளர்ந்தவர்களிடம் இவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. நமக்குத்தான் புதுசு. அவர் கதையை எனக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன், கேளுங்கள்.

இரண்டு பக்கமும் பார்த்தவர்

1937 டிசம்பர் 18 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்த கறுப்பின இளைஞர் கிராக்கர். அந்த ஊரின் டபிள்யூ.யு.எஃப்.ஓ. என்ற கறுப்பின மக்களுக்கான வானொலியில் தொழிலைத் தொடங்கினார். பிறகு நியூயார்க் நகரத்தில் டபிள்யூ.டபிள்யூ.ஆர்.எல். நிலையம். அதுவும் கறுப்பின நேயர்களுக்கானதுதான்.

அந்தக் கால அமெரிக்க ரேடியோவை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு கண்ணுக்குத் தெரியாத சுவர்! ஒரு பக்கம் டாப் 40 நிலையங்கள்: அதிகம் விற்கிற பாப் பாட்டுகளையே திரும்பத் திரும்பப் போடும். மறுபக்கம் சோல், ரிதம் அண்ட் புளூஸ் போடும் கறுப்பின நிலையங்கள். பெரிய விளம்பரக் கம்பெனிகளின் பணம் பெரும்பாலும் முதல் பக்கத்துக்கே போகும். பல கறுப்பின நிலையங்களுக்கு நேயர்கள் நிறைய இருந்தும், கல்லாப்பெட்டி காலி.

1969இல் கிராக்கர் அந்தச் சுவரைத் தாண்டினார். டபிள்யூ.எம்.சி.ஏ. என்ற டாப் 40 நிலையத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அந்த நிலையம் பாட்டை விட்டுவிட்டுப் பேச்சு நிகழ்ச்சிகளுக்கு மாறிவிட்டது. ஆனால் வந்த வேலை முடிந்தது. பாப் நிலையம் எப்படி நேயரைப் பிடித்து வைக்கிறது என்பதை உள்ளே இருந்தே பார்த்துக்கொண்டார். நாம் டிப்ளமோவில் இன்பிளான்ட் டிரெயினிங் போகிறோமே, அந்த மாதிரி!

107.5 மெகாஹெர்ட்ஸ்

மால்கம் எக்ஸுக்கு வக்கீலாக இருந்த பெர்சி சட்டன் என்பவரும் நண்பர்களும் இன்னர் சிட்டி பிராட்காஸ்டிங் என்ற கம்பெனியைத் தொடங்கி, 1971இல் டபிள்யூ.எல்.ஐ.பி. என்ற ஏ.எம். நிலையத்தை வாங்கினார்கள். பொழுது சாய்ந்தால் ஒலிபரப்பை நிறுத்தியாக வேண்டிய நிலையம் அது. ராத்திரியில் அயனமண்டலத்தில் பட்டு ஏ.எம். அலைகள் வெகுதூரம் போய் மற்ற நிலையங்களைக் கெடுக்கும் என்று நாம் படித்திருக்கிறோம் அல்லவா, அதுதான் காரணம். எஃப்.எம்.முக்கு அந்தத் தொல்லை கிடையாது. இருபத்து நாலு மணி நேரமும் பாடலாம், அதுவும் ஸ்டீரியோவில்! அதன் தோழமை நிலையமான 107.5 எஃப்.எம்.தான் டபிள்யூ.பி.எல்.எஸ். அதன் நிகழ்ச்சிப் பொறுப்பு கிராக்கர் கைக்கு வந்தது.

அவர் என்ன செய்தார்? சோல் பாட்டை வீட்டுக்காரராக வைத்தார். மற்றதையெல்லாம் விருந்தாளியாக அழைத்தார். ஜேம்ஸ் பிரவுன் ஒலிக்கும் அதே அலைவரிசையில் ஃபிராங்க் சினாட்ராவும் வருவார், ஜாஸும் வரும். கேமரூன் நாட்டு மனு திபாங்கோ 1972இல் பதிவு செய்த சோல் மகோசா, பாரிஸில் அச்சான இறக்குமதித் தட்டாக நியூயார்க் நடனக் கூடங்களில் சுற்றிக்கொண்டிருந்தது. கிராக்கர் அதை எடுத்து ஒலிபரப்பினார். 1973இல் அமெரிக்கப் பாப் பட்டியலிலேயே அது ஏறிவிட்டது. ஆப்பிரிக்கப் பாட்டு, பாதிக்கு மேல் யாருக்கும் புரியாத மொழி... ஆனாலும் தாளம் புரிந்ததே!

இங்கேதான் என் மரமண்டைக்கு விஷயம் உறைத்தது. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஒரு மணி நேரத்தைக் கடிகார முகம் போல வட்டம் போட்டுப் பிரிப்பார். விளம்பரம், பேச்சு போக மிச்சம் பத்துப் பன்னிரண்டு பாட்டுக்குத்தான் இடம். எல்லாரும் கேட்கிற பாட்டு தினமும் பலமுறை, புதுப் பாட்டு சிலமுறை, பழசு எப்போதாவது. தெரியாத பாட்டுக்கு முன்னும் பின்னும் தெரிந்த பாட்டு நிற்கும். சாந்த்விச்சுக்கு நடுவில் மருந்து வைத்துக் கொடுக்கிற மாதிரி! பாட்டைச் சேர்ப்பதற்கு அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்பது கணக்கில்லை. அடுத்த பாட்டின் தாளத்தோடு ஒட்டுகிறதா என்பதே கணக்கு.

இதற்கு நல்ல உதாரணம் குவீன் குழுவின் அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட். பாடியவர்கள் இங்கிலாந்து ராக் குழுவினர். ஆனால் அந்த பேஸ் கிட்டார் நடை, ஷீக் என்ற கறுப்பினக் குழுவின் 1979ஆம் வருடப் பாட்டான குட் டைம்ஸின் சாயல் கொண்டது. டபிள்யூ.பி.எல்.எஸ். அதைப் போட்டது. நேயர்களில் பலர் யாரோ கறுப்பினக் குழு என்றே நினைத்தார்களாம். 1980இல் அந்தப் பாட்டு பாப் பட்டியலில் முதலிடம், சோல் பட்டியலில் இரண்டாமிடம்! ஒரே பாட்டு, இரண்டு வாசல்.

விழுந்ததும் எழுந்ததும்

பாட்டைத் தேர்ந்தெடுப்பவர் கையில் பெரிய சக்தி. சக்தி இருக்கும் இடத்தில் சபலமும் வரும், சந்தேகமும் வரும். பாட்டைப் போடச் சொல்லி ரகசியமாகப் பணம் கொடுப்பதைப் பேயோலா என்பார்கள். 1960 முதல் அமெரிக்காவில் அது சட்டப்படி குற்றம். அந்த விசாரணையில், பணம் வாங்கியது பற்றிப் பொய்ச் சாட்சி சொன்னார் என்று 1976இல் கிராக்கர் மேல் தீர்ப்பாயிற்று. 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் அதற்குள் வேலை போயிருந்தது.

அவர் இல்லாத நேரத்தில், 1978 ஜூலையில் டபிள்யூ.கே.டி.யு. என்ற நிலையம் ராத்திரியோடு ராத்திரியாக முழு டிஸ்கோவுக்கு மாறி, சில மாதங்களிலேயே நகரத்தில் முதலிடம் பிடித்தது. 1979இல் கிராக்கர் திரும்பி வந்தார். டிஸ்கோ மோகம் தணிந்தது. ஒரே வகையை நம்பிய நிலையம் திணறியது. விருந்தாளிகளை மாற்றிக்கொள்ளத் தெரிந்த நிலையம் தாக்குப்பிடித்தது. 1982 முதல் மிஸ்டர் மேஜிக் என்பவரின் ராப் நிகழ்ச்சிக்கு டபிள்யூ.பி.எல்.எஸ். வார இறுதி இரவில் இடம் கொடுத்தது. பகலில் துணியாததை ராத்திரியில் சோதித்துப் பார்ப்பதும் இந்தத் தொழிலின் ஒரு உத்தி.

பெயரில் என்ன இருக்கிறது?

இந்தக் கலவைக்கு அர்பன் கன்டெம்பரரி என்று பெயர் வைத்தவர் கிராக்கர்தான் என்று சொல்வார்கள். இன்றைய நகரத்து இசை என்று பொருள் கொள்ளலாம். கறுப்பின நிலையம் என்றால் முகம் சுளித்த விளம்பரக்காரர்கள், நகரத்து நிலையம் என்றதும் பையைத் திறந்தார்கள். ஒலியில் முழுமையான கறுப்பின அனுபவம் என்று பொருள்பட விளம்பரம் செய்து வந்த டபிள்யூ.பி.எல்.எஸ்., ஒரு கட்டத்தில் கறுப்பின என்ற சொல்லையே எடுத்துவிட்டது.

அங்கேதான் வலி. சுவரை இடித்தவர் வாசலில் இருந்த பெயர்ப் பலகையையும் கழற்றிவிட்டாரோ என்று கறுப்பின எழுத்தாளர்களே கேட்டார்கள். அந்தக் கேள்வி அவரோடு முடியவில்லை. 2020இல் ரிபப்ளிக் ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய இசைக் கம்பெனி, அர்பன் என்ற சொல்லை இனிப் பயன்படுத்துவதில்லை என்று அறிவித்தது. ஒரு காலத்தில் கதவைத் திறந்த சாவி, இன்னொரு காலத்தில் முகத்தை மறைத்த திரையாகத் தெரிந்தது. என்னைக் கேட்டால், விருந்தாளியை அழைத்தது சரி. வீட்டுக்காரர் பெயரை மறைத்திருக்க வேண்டாம்.

கிராக்கர் ஆடம்பரப் பிரியர். ஸ்டுடியோ 54 என்ற நடனக் கூடத்துக்குள் வெள்ளைக் குதிரையில் ஏறிப் போனார் என்று இன்றும் கதை சொல்வார்கள். 1985இல் தொடங்கிய வி.எச்.1 தொலைக்காட்சியின் முதல் தொகுப்பாளர்களில் அவரும் ஒருவர். தன் நிகழ்ச்சியை மட்டும் கிங் பிளஷர் 1952இல் பாடிய மூடிஸ் மூட் ஃபார் லவ் என்ற பழைய ஜாஸ் பாட்டோடுதான் முடிப்பார். எத்தனை விருந்தாளி வந்தாலும் கடைசியில் விளக்கை அணைப்பது வீட்டுக்காரர்தான்! 2000 அக்டோபர் 21 அன்று கணையப் புற்றுநோயால் மறைந்தார். வயது 62.

நண்பர்களே! சமமாகப் பிரிப்பது வேறு, சமநிலை வேறு. நான் பாதிக்குப் பாதி பிரித்தேன்; யாருக்கும் அது வீடாக இல்லை. அடுத்த ஹாஸ்டல் டேக்கு மறுபடியும் என்னையே ஆம்ப்ளிஃபையர் பக்கம் உட்கார வைத்தால், முதலில் வீடு எது என்று முடிவு செய்வேன். பிறகு தாளம் ஒட்டுகிற பாட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே அழைப்பேன். பந்தல் காலியாகாது என்று நம்புகிறேன்.

காலியானாலும் மைக் செட் அண்ணன் இருப்பார்!

– மூன்றாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை