எந்திரம் கைவிட்டது; கை காப்பாற்றியது!

சிவகாசி மழை குறைந்த ஊர். பக்கத்தில் உள்ள விஸ்வநத்தமும் அப்படித்தான். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் வீட்டில் உலை ஏறாது.

1922-ம் ஆண்டு சிவகாசி இளைஞர்கள் இருவர் கல்கத்தாவுக்கு ரெயில் ஏறினார்கள். ஒருவர் அய்ய நாடார். மற்றவர் அவருடைய உறவினர் சண்முக நாடார். அங்கே சில மாதம் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றார்கள்.

ஊர் திரும்பியதும் ஜெர்மனியில் இருந்து எந்திரங்களை வரவழைத்தார்கள். தொழிற்சாலை தொடங்கியது. ஆனால், எந்திரம் கட்டுபடி ஆகவில்லை. போட்ட பணம் முடங்கியது.

வேறு யாராவது என்றால் கதவைச் சாத்தி இருப்பார்கள். இவர்கள் தொழிலை விடவில்லை, எந்திரத்தைத்தான் விட்டார்கள். குச்சி அடுக்குவது, மருந்து தோய்ப்பது, பெட்டி ஒட்டுவது எல்லாம் கைவேலை ஆயின. மழை இல்லாத நாளிலும் ஏழைக்குக் கூலி கிடைத்தது. பயிரைக் கருக்கிய வெயில், தீக்குச்சியை உலர்த்தியது!

பின்னர் இருவரும் தனித்தனியே தொழில் நடத்தினார்கள்.

1929-ல் உலகம் எங்கும் பணமுடை. உலகத் தீப்பெட்டி வியாபாரத்தின் பெரும் பகுதியைக் கையில் வைத்திருந்தவர் சுவீடன் நாட்டு இவார் குரூகர். தலைக்கு மேல் கடன். 1932-ல் பாரீஸ் வீட்டில் பிணமாகக் கிடந்தார்.

சிவகாசியில் வேலை நிற்கவில்லை. அய்ய நாடார் தீப்பெட்டி ஒன்றையே நம்பி இருக்கவும் இல்லை. பட்டாசுத் தொழிலிலும் இறங்கினார். இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றது. தீபாவளிக்குச் சிவகாசிச் சரக்கைத் தேடி வியாபாரிகள் வந்தார்கள்.

1963-ல் சிவகாசியில் ஒரு கல்லூரி எழுந்தது. அதன் பெயரில் அய்ய நாடாரோடு அவர் மனைவி ஜானகி அம்மாளும் இருக்கிறார்.