கஸ்தூரிபாய் அம்மையார்

இராஜபாளையத்திற் குமாரசாமிராஜா வழங்கிய இல்லம் காந்தி கலைமன்றம் என்னும் பெயருடன் நிற்கின்றது. ஸ்ரீவில்லிபுத்தூரினின்று ஆங்குச் செல்வோர் யாவரும் காந்தியடிகளை அறிவர். அவர் நோயுற்ற மனைவியார்க்குச் செய்த பணிவிடையை அறிவார் சிலரே.

1869இல் போர்பந்தரிற் பிறந்த கஸ்தூரிபாய் அம்மையார், இளமையிலேயே அடிகளை மணந்து, அறுபதாண்டுகட்கு மேல் உடன் வாழ்ந்தவர். தென்னாப்பிரிக்காவிலும் இந்நாட்டிலும் பன்முறை சிறை புகுந்தார். 1942 ஆகஸ்டில் இருவரும் புனாவிலுள்ள ஆகாகான் மாளிகையிற் காவலில் வைக்கப்பட்டனர். ஆங்கே மார்புச்சளியும் இதயநோயும் அம்மையாரை வாட்டின. படுத்தால் மூச்சுத் திணறும். ஆதலின் பல இரவுகளை அமர்ந்தே கழித்தார். அவர் தலைசாய்த்து இளைப்பாறுதற்கென அடிகள் சிறு மரமேசை ஒன்று செய்வித்தார். தாமும் 74 வயதினராயிருந்தும் படுக்கையருகில் நெடுநேரம் அமர்ந்திருப்பார்.

பெனிசிலின் அந்நாளிற் புதுமருந்து, கிடைத்தற்கரியது. மகனார் தேவதாஸ் அதனை வரவழைத்தார். சில மணி நேரத்திற்கு ஒருமுறை ஊசி போடவேண்டுமென்று கேட்டறிந்த அடிகள், இறக்குந் தறுவாயிலிருப்பவரை மேலும் வருத்த இசைந்திலர். இதனைக் கன்னெஞ்சம் என்பாரும் உளர். யான் அங்ஙனம் கருதேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அவ்வுடம்பு பட்ட பாட்டை அருகிருந்து கண்டவர் அவர். தாயைக் காக்கத் துடித்த மகனார் விருப்பமும் பிழையன்று.

1944 பிப்ரவரி 22 மாலை அடிகளின் மடியிலேயே அம்மையார் உயிர்நீத்தார். அடிகள் நூற்ற நூலாலாகிய புடைவையை உடுத்தி, மறுநாள் அம்மாளிகை வளாகத்திலேயே எரியூட்டினர். அம்மையார் தலைசாய்த்த அம்மேசையின்மீதே பின்னர் அடிகள் உணவருந்தி வந்தார்.