ஏழு ஆண்டு ஒப்பந்தம்: அருளாளர் அன்னை ஜாவுவேயும் மானா மக்களும்



அடிமையாயிருந்த சகோதரனை ஏழாம் ஆண்டில் விடுதலை செய்யும்போது அவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று இணைச்சட்ட நூலின் 15-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் அவனுக்குத் தாராளமாய்க் கொடுத்து அனுப்ப வேண்டும் என்பது ஆண்டவரின் கட்டளை. நாம் பலமுறை வாசித்துக் கடந்துபோகும் பகுதி இது. ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முன், தென் அமெரிக்கக் காட்டோரம் ஒரு கிராமத்தில் ஒரு துறவி இதற்கு மிக அருகில் வந்தார். அவர் குளூனி புனித சூசையப்பர் சபையை நிறுவிய அருளாளர் அன்னை ஆன் மரி ஜாவுவே. புதுச்சேரியிலும் தமிழகத்திலும் குளூனி சகோதரிகளின் பள்ளியில் படித்தவர்கள், அவர்களது மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள் நம்மில் பலர் உண்டு. ஆனால் அந்தச் சபையின் அன்னை ஆப்பிரிக்க மக்களின் விடுதலைக்காக எவ்வளவு பாடுபட்டார் என்பதை அறிந்தவர்கள் சிலரே.

விவசாயியின் மகள்

1779 நவம்பர் 10-ஆம் நாள், பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஜாலாஞ்ச் என்ற சிற்றூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் ஆன் மரி பிறந்தார். அவருக்குப் பத்து வயது நடக்கும்போது பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. ஆலயங்கள் மூடப்பட்டன, குருக்கள் வேட்டையாடப்பட்டனர். அந்த நாட்களில் தலைமறைவான குருக்களுக்கு அவர் உதவினார். குழந்தைகளை மறைவாகக் கூட்டி மறைக்கல்வி சொல்லிக் கொடுத்தார். 1798-இல் மறைவாக நடந்த ஒரு திருப்பலியில் தம்மை ஆண்டவருக்கு அர்ப்பணித்தார்.

1800-இல் பெசான்சோன் நகரில் ஒரு துறவு இல்லத்தில் இருந்தபோது, வேறு வேறு நிறமுடைய குழந்தைகள் தம்மைச் சூழ்ந்து நிற்பதைக் காட்சியில் கண்டதாக அவரது வரலாறு கூறுகிறது. அதுவரை வெள்ளையரல்லாத ஒருவரைக்கூட அவர் சந்தித்திருக்க வாய்ப்பில்லை. 1807-இல் தம் உடன்பிறந்த சகோதரிகள் மூவரோடும் வேறு ஐந்து தோழியரோடும் துறவு உடை அணிந்தார். 1812-இல் குளூனி நகரில் ஒரு பழைய துறவு மடம் கிடைத்தது. சபைக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

1817-இல் முதல் சகோதரிகள் இன்று ரீயூனியன் எனப்படும் பூர்போன் தீவுக்குக் கப்பலேறினர். 1819-இல் செனெகல், 1822-இல் பிரெஞ்சு கயானா, 1827-இல் நம் புதுச்சேரி என்று சபை விரிந்தது. அன்னையும் 1822-இல் செனெகலுக்குச் சென்றார். அங்கிருந்து சியரா லியோனுக்கும் போனார். அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஆப்பிரிக்கர்களை ஆங்கிலேயர் அங்கே ஊர் ஊராகக் குடியமர்த்தியிருந்தனர். விலங்கை அவிழ்த்தபின் ஒரு மனிதருக்கு வீடும் நிலமும் தொழிலும் தேவைப்படுகின்றன என்பதை அன்னை அங்கே நேரில் கண்டார்.

மானா

பிரெஞ்சு கயானாவின் தலைநகர் காயேனுக்கு மேற்கே மானா என்ற ஆறு ஓடுகிறது. அதன் கரையில் ஐரோப்பியரைக் குடியமர்த்த அரசு எடுத்த முயற்சிகள் தோற்றுப்போயிருந்தன. அந்தப் பொறுப்பு அன்னையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1828-இல் சகோதரிகளையும் பிரெஞ்சு விவசாயிகளையும் தொழிலாளர்களையும் அழைத்துக்கொண்டு சென்றார். காடு வெட்டினார்கள், வீடு கட்டினார்கள். ஆனால் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வந்தவர்களில் பெரும்பாலோர் விலகிப் போனார்கள். ஒப்பந்தம் முடிந்தால் போகலாம் என்ற உரிமை அந்த வெள்ளையர்களுக்கு இருந்தது. சுற்றிலுமிருந்த தோட்டங்களில் உழைத்த ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர்களுக்கு அந்த உரிமை இல்லை.

இந்த இடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். கயானாவில் அன்னையின் சபையும் அடிமைகளை விலைக்கு வாங்கி அவர்களின் உழைப்பைப் பயன்படுத்தியது. அந்தக் காலத்தின் பாவத்திலிருந்து துறவு மடங்களும் தப்பவில்லை. அருளாளர்களின் வாழ்வில் வெளிச்சமான பக்கத்தை மட்டும் பார்த்தால், மனமாற்றத்திற்கு அவர்கள் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது என்பது நமக்குத் தெரியாமல் போய்விடும்.

காகிதத்தில் கிடைத்த விடுதலை

அடிமை வணிகத்தைப் பிரான்சு தடை செய்த பின்னும் கப்பல்கள் திருட்டுத்தனமாக மனிதர்களைக் கடத்திவந்தன. பிடிபட்ட கப்பல்களில் இருந்தவர்கள் அரசின் கையில் வந்தார்கள். 1831 மார்ச் 4-ஆம் நாள் வெளியான சட்டம் இவர்கள் சுதந்திரமானவர்கள் என்று அறிவித்தது. ஆனால் அதே சட்டம் அவர்கள் ஏழு ஆண்டுகள் வரை அரசுக்கு வேலை செய்ய ஒப்பந்தத்தில் கட்டப்படலாம் என்றும் கூறியது. விடுதலை காகிதத்தில் இருந்தது. கையும் காலும் இன்னும் வேலைக்குக் கட்டுப்பட்டிருந்தன. ஒப்பந்தம் என்று பெயர். அதில் ஒப்புக்கொண்டவர் யார், எந்த மொழியில் கேட்டு ஒப்புக்கொண்டார் என்று கேட்க ஆளில்லை.

அதே காலத்தில் ஆங்கிலேயரின் தீவுகளிலும் இப்படித்தான் நடந்தது. 1834 ஆகஸ்ட் 1 முதல் அடிமைத்தனம் ஒழிந்தது என்றார்கள். ஆனால் வயலில் உழைத்தவர்கள் மேலும் ஆறு ஆண்டுகள் பழைய எஜமானருக்கே, வாரத்துக்கு 45 மணி நேரம் வரை கூலியின்றி உழைக்க வேண்டும் என்று விதித்தார்கள். எஜமானர்களுக்கு 2 கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கப்பட்டது. உழைத்தவர்களுக்கு ஒன்றுமில்லை. எதிர்ப்பு வலுத்ததால் அந்த ஏற்பாடு 1838 ஆகஸ்டிலேயே முடிவுக்கு வந்தது.

கயானாவில் மீட்கப்பட்ட ஏறத்தாழ 500 ஆப்பிரிக்கர்களை 1835-இல் அரசு அன்னை ஜாவுவேயிடம் ஒப்படைக்கத் தீர்மானித்தது. அவர்களை முழு விடுதலைக்கு ஆயத்தம் செய்வதே அவருக்குத் தரப்பட்ட பணி. காயேன் தோட்ட முதலாளிகளுக்கு இது பிடிக்கவில்லை. மலிவான ஆட்கள் கைவிட்டுப் போகிறார்கள் என்பது ஒரு கவலை. சாட்டையில்லாமலும் ஆப்பிரிக்கர் உழைத்து வாழ்வார்கள் என்று மெய்ப்பிக்கப்பட்டுவிட்டால் தங்கள் தோட்டங்களின் கதி என்ன ஆகும் என்பது அதைவிடப் பெரிய கவலை.

1836-இல் அன்னை அந்த மக்களோடு மானாவில் வாழத் தொடங்கினார். சாட்டைக்கு அங்கே இடமில்லை. பெரிய கொட்டடிகளில் அடைத்து வைக்காமல், குடும்பம் குடும்பமாகக் குடிசைகளில் குடியேற்றினார். மரவள்ளியும் வாழையும் பயிரிட்டார்கள். திருமணங்கள் நடந்தன. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். அருகிலிருந்த அக்காருவானியில், எல்லாரும் ஒதுக்கிய தொழுநோயாளர்களுக்கு ஓர் இல்லமும் அன்னையின் முயற்சியால் உருவாகியிருந்தது.

1838 மே 21-ஆம் நாள் வந்தது. ஏழு ஆண்டுக் காலம் முடிந்த 185 பேருக்கு முழு விடுதலை வழங்கப்பட்டது. அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. குடியிருக்க வீடும் பயிர் செய்ய நிலமும் அவர்களுக்கு இருந்தன. அன்றிலிருந்து காயேன் முதலாளி ஒருவர் நீட்டும் ஒப்பந்தத்தை அவர்கள் மறுக்கலாம். மறுத்தால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஓர் ஒப்பந்தம் உண்மையான ஒப்பந்தமா என்பதை இதை வைத்துத்தான் அறிய முடியும்.

மானாவில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. அன்னை கண்டிப்பானவர். அந்த மக்களைத் தம் பிள்ளைகளாக நேசித்தார்; பிள்ளைகளாகவே நடத்தவும் செய்தார். எப்போது எழுவது, எப்படி வாழ்வது என்று அவர்தாம் தீர்மானித்தார். விடுதலை பெற்ற பின்னும் பலர் அவரது கண்காணிப்பில்தான் இருந்தார்கள். வளர்ந்த மனிதரைப் பிள்ளையாகவே வைத்திருக்கும் அன்பும் ஒரு கட்டுதான். நன்மை செய்பவர்கள் எளிதில் விழும் குழி இது. நம் நிறுவனங்களும் இதில் விழுந்ததுண்டு.

நற்கருணையின்றி இரண்டு ஆண்டுகள்

அன்னைக்கு நேர்ந்த பெரிய சோதனை முதலாளிகளிடமிருந்து வரவில்லை. குளூனி அமைந்திருந்த ஓத்தன் மறைமாவட்டத்தின் ஆயர், சபையின் தலைமைப் பொறுப்பு தமக்கே உரியது என்று வாதிட்டார். அன்னை தம் சபையின் விதிகளைக் காக்க வேண்டி அதற்கு இணங்கவில்லை. அந்தப் பிணக்கு கடல் தாண்டிக் கயானாவுக்கும் வந்தது. அங்கு திருச்சபையின் பொறுப்பில் இருந்தவர் அன்னைக்கு நற்கருணை வழங்க மறுத்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இது நீடித்தது. தம் சகோதரிகளும் தாம் விடுதலைக்கு ஆயத்தம் செய்த மக்களும் திருப்பந்திக்குச் செல்ல, அன்னை மட்டும் தம் இடத்திலேயே இருந்தார்.

அவர் திருச்சபையை விட்டு விலகவில்லை. பணியையும் நிறுத்தவில்லை. 1843-இல் மானாவை விட்டுப் பிரான்சு திரும்பினார். பிறகு அந்தக் கிராமத்தை அவர் பார்க்கவே இல்லை. 1847-இல் மானாவின் நிர்வாகத்தை அரசு தானே எடுத்துக்கொண்டது.

1848-க்குப் பின்

1848 ஏப்ரல் 27-இல் பிரான்சு தன் குடியேற்றங்கள் எல்லாவற்றிலும் அடிமைத்தனத்தை ஒழித்தது. வாக்குரிமையும் கிடைத்தது. மானா மக்கள் தங்கள் பிரதிநிதியாகப் பாரீசுக்கு அன்னை ஜாவுவேயையே அனுப்ப விரும்பினார்கள் என்று சொல்லப்படுகிறது. பெண்களுக்கு அந்த உரிமை இல்லை என்று அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்ததாம்.

மற்ற இடங்களில் நடந்தது வேறு. ரீயூனியன் தீவில் 60,000-க்கும் அதிகமானோர் 1848 டிசம்பர் 20-ஆம் நாள் விடுதலை பெற்றார்கள். ஆனால் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, அக்டோபர் 24-இல், அரசின் ஆணையாளர் சர்தா கரிகா ஓர் ஆணை பிறப்பித்திருந்தார். விடுதலை நாளுக்குள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு முதலாளியிடம் வேலை ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். தோட்ட வேலைக்கு இரண்டு ஆண்டு, வீட்டு வேலைக்கு ஓர் ஆண்டு. ஒப்பந்தம் இல்லாதவர் ஊர்சுற்றி என்று பிடிபட்டுத் தண்டனை வேலைக்கு அனுப்பப்படுவார். பலர் பழைய எஜமானரிடமே ஒப்பந்தம் செய்தார்கள். நிலம் இல்லாதவர் வேறு எங்கே போவார்? 1849-இல் பிரெஞ்சு அரசு எஜமானர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சட்டம் இயற்றியது. விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் கொடுக்கவில்லை.

முடிந்தபோது பலர் அந்தத் தோட்டங்களை விட்டு வெளியேறினார்கள். அவர்கள் விட்ட இடத்தை நிரப்ப முதலாளிகள் தேடி வந்தது நம் கரையை. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்த தமிழர்கள் ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் போனார்கள். அன்னை ஜாவுவே உழைத்த கயானாவுக்கும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே சாவு அவ்வளவு மிகுந்ததால் 1876-இல் ஆங்கில அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. ரீயூனியனுக்கு 1882-இல் நிறுத்தியது. ஆப்பிரிக்கரை விடாமல் பிடித்துவைக்க எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் அடுத்த பக்கத்தில் எழுதப்பட்டிருப்பது நம் முன்னோர்களின் பெயர்கள்.

இதையெல்லாம் காண அன்னை உயிரோடு இல்லை. 1851 ஜூலை 15-ஆம் நாள் பாரீசில் இறைவனடி சேர்ந்தார். தம்மைத் துன்புறுத்திய ஓத்தன் ஆயர் அதற்குச் சில நாள் முன்புதான் இறந்திருந்தார். அவருக்காகச் செபிக்கும்படி அன்னை தம் சகோதரிகளிடம் கேட்டுக்கொண்டார். 1950 அக்டோபர் 15-இல் திருத்தந்தை 12-ஆம் பயஸ் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார்.

நமக்கு

அன்பார்ந்தவர்களே, கொத்தடிமை முறையை 1976-இல் நம் நாடு சட்டத்தால் ஒழித்தது. ஆனாலும் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் போய், கடன் தீராமல் மாட்டிக்கொள்ளும் குடும்பங்களின் செய்தி இன்றும் வருகிறது. தமக்குத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்திட்டு வெளிநாடு போகும் பிள்ளைகள் நம் பங்குகளிலேயே இருக்கிறார்கள்.

நம் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு என்ன கூலி, எத்தனை நாள் விடுப்பு என்று பேசி முடிவு செய்திருக்கிறோமா? அவர் வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறாரா? நம் பள்ளியிலும் தோட்டத்திலும் ஆலயப் பணியிலும் பல ஆண்டுகள் உழைத்தவர் ஓய்வு பெறும்போது, பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்புகிறோமா? பிடித்துவைத்த கூலி ஆண்டவரின் செவிகளில் கூக்குரலாய் எட்டுகிறது என்று யாக்கோபு திருமுகம் எச்சரிக்கிறது.

மானா இன்றும் அந்த ஆற்றங்கரையில் ஓர் ஊராக இருக்கிறது. வெறுங்கையோடு அனுப்பாதே என்ற ஆண்டவரின் கட்டளையும் அப்படியே இருக்கிறது. நம்மிடம் உழைக்கும் ஒருவரையாவது இவ்வாரம் நினைத்துப் பார்ப்போம். அவருக்கு நாம் கொடுக்க வேண்டியது மீதம் இருந்தால், அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு வருமுன் கொடுத்துவிட்டு வருவோம்.