ஏழைகளுக்காக ஒரு சுரங்க ரயில்!

மெட்ரோ ரயிலில் போயிருக்கிறீர்களா, குழந்தைகளே? மேலே பஸ்ஸும் லாரியும் ஓட, கீழே பூமிக்கு அடியில் ஜம்மென்று போகும் ரயில்! இப்படி ஒரு ரயில் வேண்டும் என்று ஒரு மனிதர் 17 ஆண்டுகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் பொறியாளர் அல்ல, ஒரு வக்கீல். பணக்காரர்கள் சொகுசாகப் போய்வர அவர் அதைக் கேட்கவில்லை. கால் கடுக்க நடந்து வேலைக்குப் போகும் ஏழைகளுக்காகக் கேட்டார். அவர் பெயர் சார்லஸ் பியர்சன்.

1793ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி லண்டனில் பிறந்தார் பியர்சன். அப்பா மெத்தை தைப்பது, இறகு விற்பது போன்ற தொழில் செய்தவர். மகனும் அதே தொழிலைத்தான் முதலில் பழகினார். ஆனால் அவர் மனம் சட்டப் படிப்பை நாடியது. படித்து, 1816இல் வக்கீல் ஆனார். அடுத்த ஆண்டு மேரி மார்த்தா டட்டன் என்ற ஓவியரை மணந்துகொண்டார். அதே 1817இல் நகர மன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நியாயம் இல்லை என்று பட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதவர் பியர்சன். 1666இல் லண்டனில் பெரும் தீ விபத்து நடந்தது. ஒரு ரொட்டிக் கடையில் பற்றிய தீ, நகரையே எரித்துவிட்டது. அதன் நினைவாக எழுப்பிய தூணில், கத்தோலிக்கர்கள்தான் தீ வைத்தார்கள் என்ற பொய்யான பழியையும் பின்னாளில் செதுக்கி வைத்திருந்தார்கள். அதை அழிக்க வேண்டும் என்று பியர்சன் போராடினார். 1830இல் அந்த வரிகள் நீக்கப்பட்டன. யூதர்கள் லண்டனில் தரகர்களாகத் தொழில் செய்யத் தடை இருந்தது. அதையும் எதிர்த்தார். பியர்சன் கத்தோலிக்கரும் இல்லை, யூதரும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்!

1839இல் அவர் லண்டன் 'சிட்டி' நகராட்சியின் சட்ட அதிகாரி ஆனார். 'சிட்டி' என்பது லண்டனின் பழைய நடுப்பகுதி. பரப்பு சுமார் 1 சதுர மைல்தான். ஆனால் வங்கிகள், கிடங்குகள், கடைகள், அச்சகங்கள் எல்லாம் அங்கேதான். வேலை வேண்டும் என்றால் அங்கே வந்தாக வேண்டும்.

1801இல் சுமார் 10 லட்சம் பேர் வாழ்ந்த லண்டனில், 1851இல் 23 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். இத்தனை பேரும் எங்கே தங்குவது? ஏழைத் தொழிலாளிகள் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே, இருட்டுச் சந்துகளில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். ஒரே அறையில் ஒரு குடும்பம். சில அறைகளில் இரண்டு குடும்பங்கள். சாக்கடை நாற்றம் ஒரு பக்கம், காலரா பயம் மறு பக்கம்.

அவர்கள் ஏன் ஊருக்கு வெளியே காற்றோட்டமான இடத்துக்குப் போகக் கூடாது? இந்தக் கேள்வியைப் பணக்காரர்கள் எளிதாகக் கேட்டுவிடுவார்கள். போகலாம்தான், ஆனால் தினமும் எப்படி வேலைக்கு வருவது? குதிரை பூட்டிய ஆம்னி பஸ்ஸுக்குக் கட்டணம் அதிகம். ரயில்களோ பாடிங்டன், கிங்ஸ் கிராஸ் என்று நகரின் ஓரத்திலேயே நின்றுவிட்டன. 1846இல் அரசு அமைத்த ஒரு குழு, நகரின் நடுவே புதிய ரயில் நிலையங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

மேலே இடம் இல்லையா? அப்படியானால் கீழே போவோம் என்றார் பியர்சன்! 1845இலேயே இந்த யோசனையை ஒரு சிறு நூலாக அச்சிட்டு வெளியிட்டிருந்தார். ஃபிளீட் என்று ஓர் ஆறு லண்டனில் ஓடியது. அது மெல்ல மெல்லச் சாக்கடையாகி, மூடப்பட்டுவிட்டது. அந்தப் பள்ளத்தாக்கின் வழியாகச் சுரங்கம் அமைத்து, ஃபாரிங்டன் என்ற இடத்துக்கு ரயிலைக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் திட்டம். புகை வராமல், காற்றின் அழுத்தத்தால் வண்டிகளை ஓட்டலாம் என்றும் எழுதினார். அந்த யோசனை மட்டும் நடக்கவே இல்லை.

திட்டத்தின் உயிர் வேறு இடத்தில் இருந்தது. ரயில் போய்ச் சேரும் மறுமுனையில், லண்டனுக்கு வடக்கே, தொழிலாளிகளுக்காகத் தோட்டத்துடன் கூடிய சிறு வீடுகள் கட்ட வேண்டும். அவர்கள் குறைந்த கட்டணத்தில் வேலைக்கு வந்து போக வேண்டும் என்று ஆசைப்பட்டார் பியர்சன். ரயில் இல்லாமல் வீடு கட்டினால் யாரும் குடிபோக மாட்டார்கள். ஆகவே இரண்டும் சேர்ந்தே வேண்டும் என்றார்.

பலர் சிரித்தார்கள். வீடுகள் இடிந்து சுரங்கத்துக்குள் விழும் என்றார்கள். பயணிகள் மூச்சுமுட்டிச் சாவார்கள் என்றார்கள். பாதாளத்தைத் தோண்டினால் சாத்தான் வெளியே வந்துவிடும் என்று பயமுறுத்தியவரும் உண்டு!

பியர்சன் அவர்களோடு வாய்ச்சண்டை போடவில்லை. எண்ணிப் பார்த்தார்! ஆமாம், சிட்டிக்குள் நுழையும் சாலைகளில் ஆட்களை நிறுத்தி, தினமும் யார் யார் எப்படி வருகிறார்கள் என்று கணக்கு எடுக்க வைத்தார். 1854இல் அந்தக் கணக்கை நாடாளுமன்றக் குழுவின் முன் வைத்தார். ஆம்னி பஸ்ஸில் வந்தவர்கள் சுமார் 44,000 பேர். நடந்தே வந்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர்! அதைப் பார்த்த பிறகு, ரயில் எதற்கு என்று கேட்பது எளிதாக இல்லை.

அதே ஆண்டு சட்டம் நிறைவேறியது. ஆனால் பணம்? அப்போது ரஷ்யாவுடன் கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. பூமிக்கு அடியில் பணத்தைப் போட யாரும் முன்வரவில்லை. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1,75,000 பவுண்டு தருவதாகச் சொன்னது, அது போதவில்லை. ஆண்டுகள் ஓடின. கம்பெனியையே கலைத்துவிடலாமா என்ற நிலை வந்தது.

பியர்சனுக்கு அப்போது வயது 65ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கம்பெனியில் அவருக்கு எந்தப் பதவியும் இல்லை. இருந்தும் 1859இல் நகர மக்களுக்கு ஒரு நீண்ட கடிதத்தை எழுதி அச்சிட்டு வெளியிட்டார். நகராட்சி உறுப்பினர்களிடம் பேசிப் பேசி, சிட்டி நகராட்சியையே 2 லட்சம் பவுண்டுக்குப் பங்கு வாங்க வைத்தார். பொதுப் பணத்தை ரயிலில் போடுவதா என்று எதிர்ப்பு வராமல் இருக்குமா? ஆனால் பின்னாளில் நகராட்சி அந்தப் பங்குகளை லாபத்துக்கே விற்றது!

1860இல் வேலை தொடங்கியது. பொறியாளர் ஜான் ஃபவுலர். சாலையை நீளமாக, ஆழமாக வெட்டுவார்கள். உள்ளே செங்கல்லால் வளைவு கட்டி, தண்டவாளம் போடுவார்கள். பிறகு மண்ணை மூடி, மறுபடியும் மேலே சாலை போட்டுவிடுவார்கள். வாழை இலைக்குள் பூரணம் வைத்து மூடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இந்த இடத்தில் ஒரு வருத்தமான விஷயத்தையும் சொல்ல வேண்டும். ரயிலுக்கு வழிவிட, ஃபிளீட் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான ஏழைகளின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. வாடகைக்கு இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பக்கத்துச் சந்துகளில் இன்னும் நெருக்கமாக ஒண்டிக்கொண்டார்கள். யாருக்காக ரயில் கேட்டாரோ, அவர்களில் பலருக்கே முதலில் துன்பம் வந்தது.

1862 மே மாதம், நிதியமைச்சர் கிளாட்ஸ்டோன் உள்ளிட்ட பெரிய மனிதர்கள் திறந்த வண்டியில் ஏறிப் பாதையைச் சுற்றிப் பார்த்தார்கள். அடுத்த மாதமே ஃபிளீட் சாக்கடை உடைந்து, சுரங்கத்துக்குள் 10 அடி உயரத்துக்குத் தண்ணீர் புகுந்தது! அதையும் இறைத்துச் சரிசெய்தார்கள்.

இவ்வளவு பாடுபட்டவருக்கு ரயில் கம்பெனி பரிசு தர முன்வந்தது. தான் நகராட்சியின் ஊழியன், தன் நேரமும் உழைப்பும் நகராட்சிக்கே சொந்தம் என்று சொல்லி, வேண்டாம் என்று மறுத்துவிட்டார் பியர்சன்.

1862 செப்டம்பர் 14ஆம் தேதி, தன் 68ஆம் வயதில் அவர் இறந்துபோனார். ரயில் ஓட இன்னும் 4 மாதங்கள்கூட இல்லை.

1863 ஜனவரி 10ஆம் தேதி மெட்ரோபாலிடன் ரயில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. அதுதான் உலகின் முதல் சுரங்க ரயில்! பாடிங்டன் முதல் ஃபாரிங்டன் வரை சுமார் 6 கிலோமீட்டர், 7 நிலையங்கள். மரப்பெட்டிகள், உள்ளே கேஸ் விளக்குகள், இழுப்பதற்கு நீராவி எஞ்சின். முதல் நாளில் மட்டும் சுமார் 38,000 பேர் ஏறினார்கள். முந்தைய நாள் நடந்த விழாவுக்குப் பிரதமர் பாமர்ஸ்டன் வரவில்லை. அவருக்கு 78 வயது. முடிந்தவரை பூமிக்கு மேலேயே இருக்க விரும்புவதாகச் சொல்லிவிட்டாராம்! புகை மண்டிய சுரங்கத்தை நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்றாம் வகுப்புப் பயணிகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே பயணம் செய்தார்கள்.

பியர்சனின் மனைவிக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை தந்தது கம்பெனி.

சரி, ஏழைகளுக்கான மலிவுக் கட்டணம் என்ன ஆயிற்று? அங்கே ஒரு வழி போக மூன்றாம் வகுப்புக் கட்டணம் 3 பென்ஸ். 1864 மே மாதம் முதல், விடியற்காலை 5.30க்கும் 5.40க்கும் தொழிலாளர்களுக்கென்று தனி ரயில்கள் விடப்பட்டன. போய்வர இரண்டுக்கும் சேர்த்தே 3 பென்ஸ்தான்! வேறொரு கம்பெனியான கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வே, எட்மண்டன், வால்தம்ஸ்டோ போன்ற புறநகர்களிலிருந்து போய்வர 2 பென்ஸுக்குத் தொழிலாளர் ரயில்களை விட வேண்டியதாயிற்று. 1883இல், எல்லா ரயில் கம்பெனிகளும் தேவையான இடங்களில் இப்படி மலிவு ரயில் விட வேண்டும் என்று சட்டமே வந்தது. லண்டனின் வடக்கிலும் வடகிழக்கிலும் வயல்களாக இருந்த இடங்களில் வரிசை வரிசையாகச் சிறு வீடுகள் எழும்பின. விடியுமுன்னே, கையில் சாப்பாட்டுப் பொட்டலத்துடன், அந்த வீடுகளிலிருந்து தொழிலாளிகள் ரயில் நிலையத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள்.